புள்ளி குத்திய பல்லுறை

வலக் கன்னத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு ஒரு பெண்மணி மாடிப்படி ஏறி வந்தார். மாசி மாதத்துப் பிற்பகல். வெயில் படிக்கட்டின் பாதிவரை ஏறி நின்றிருந்தது. செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தவர் நாற்காலியில் அமரவில்லை. நேரே சன்னலருகே போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். அதன் பிறகே என் பக்கம் திரும்பினார்.

“டாக்டரம்மா, நான் இங்க வந்தது எங்கூட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது.”

பல் மருத்துவரைத் தேடி வருவோர் முதலில் வலியைச் சொல்வார்கள். சொல்ல இயலாதவர்கள் விரலால் சுட்டுவார்கள். இவர் கணவரில் தொடங்கினார். கையில் எடுத்த கருவியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டுக் கேட்கலானேன்.

அவர் பெயர் அம்சா. வாழ்க்கைப்பட்ட ஊர் ஆவடியை அடுத்த வெள்ளானூர். பிறந்தது இங்கே மேனாம்பேட்டில், என் மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி. ஆவடியிலேயே பல் மருத்துவர்கள் பலர் இருக்க, இவர் பங்கு ஆட்டோ மாறி மாறி இவ்வளவு தொலைவு வந்திருந்தார்.

“ஆவடில போனா அவருக்குத் தெரிஞ்சவங்க யார்னா பாத்துடுவாங்க. இங்கன்னா அம்மா ஊட்டுக்குப் போறன்னு சொல்லிக்கலாம்.”

“பல்லு வலிக்கு டாக்டர்கிட்ட வர்றதுல மறைக்கிறதுக்கு என்னம்மா இருக்கு?”

“இது அவரு போட்ட கேப்பு.”

“அவர் டாக்டரா?”

“இல்ல டாக்டரம்மா. அம்பத்தூர் எஸ்டேட்ல லீக் டெஸ்டிங்.”

கீழே மில், மேலே நான்

அம்சாவை நாற்காலியில் அமர்த்திவிட்டு, நான் தொழில் நடத்தும் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இத்தொடரை விடாமல் படித்து வருபவர்கள் பொறுத்தருள்க. இடம் தெரியாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

என் மருத்துவமனை ஒரு மாவு மில்லின் மாடியில் இருக்கிறது. என் தந்தையார் தமிழாசிரியர். பெயர்ப்பலகைக்கான சொற்களைப் பல நாள் எண்ணிப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தார். ஊர் அதைப் படிக்கவே இல்லை. அன்றுமுதல் இன்றுவரை நான் ‘மில்லு மாடி டாக்டரம்மா’தான்.

மில் ஓடும்போது தரை அதிரும். தட்டிலுள்ள கருவிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். கோதுமை அரைபட்டால் இளஞ்சூடான ஒரு மணம் வரும். கேழ்வரகுக்கு மண் நனைந்தாற்போன்ற மணம். இவற்றால் எனக்குத் தொல்லையில்லை. நெடுநாள் பழக்கத்தில் அவை உறவாகிவிட்டன. மாசி, பங்குனி வந்துவிட்டால்தான் சங்கடம். வீடுதோறும் ஆண்டுக்குத் தேவையான மிளகாய்த்தூளை அரைத்து வைத்துக்கொள்ளும் பருவம் அது. நெடி படியேறி வரும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தும்முவார். அவரைப் பார்த்து நானும் தும்முவேன்.

பல்லுறையைச் சிமெண்ட் வைத்துப் பொருத்தியபின் ஐந்து நிமிடம் வாய் அசையக் கூடாது. எச்சில் அந்த விளிம்பை எட்டக் கூடாது. தும்மல் கூடவே கூடாது. ஆகவே சிமெண்ட்டைக் குழைக்குமுன் சன்னல்வழியே கீழே விசாரிப்பது என் தொழில்முறைகளுள் ஒன்றாயிற்று. எந்தக் கல்லூரியும் கற்பிக்காத முறை.

“கன்னியப்பன், இப்ப என்ன அரைக்குது?”

“கேவுரு, மேடம். தெகிரியமா போடுங்க.”

கன்னியப்பன் மில்லின் உரிமையாளர். அவர் சொல்லுக்குப் பிறகுதான் நான் சிமெண்ட் தூளைத் தொடுவேன்.

நகச்சாயம் பூசிய பற்கள்

உலோகப் பல்லுறையை எங்கள் பக்கத்து மக்கள் ‘கேப்பு’ என்பார்கள். சிதைந்த பல்லைச் செதுக்கிச் சிறிதாக்கி, அதன்மேல் தொப்பிபோல் கவிழ்ப்பது. எத்துணைத் திறமாக வார்த்தாலும் உறைக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். அதை நிரப்பி இரண்டையும் பிணைப்பதுதான் பல் சிமெண்ட். வாயில் எச்சில் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியை அது நாள்முழுதும் தேடிக்கொண்டே இருக்கும். உள்ளே புகுந்துவிட்டால் தன்னோடு கிருமிகளையும் அழைத்துச் செல்லும். வெளியே உறை பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே பல் அரித்துக்கொண்டிருக்கும்.

பழைய துத்தநாகச் சிமெண்ட்டைக் குளிர்ந்த கண்ணாடிப் பலகையில், தூளைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துக் குழைப்போம். மழைக்காலத்தில் அந்தக் கண்ணாடி வியர்க்கும். ஒரு துளி நீர் சேர்ந்தாலும் சிமெண்ட் கெட்டது. அது பல்லோடு ஒட்டுவதில்லை. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்பது. ஆண்டுகள் செல்லச்செல்ல விளிம்பில் கரையும். பின்னால் வந்த கண்ணாடி அயனோமர் என்னும் சிமெண்ட் பல்லையே பற்றும். அதற்கும் பின்னால் வந்த ரெசின் இன்னும் இறுக்கமானது. ஆனால் பூசும் நேரத்தில் ஈரத்தைச் சிறிதும் பொறுக்காத கோபக்காரி.

இவற்றுள் எது எவ்வளவு கசிகிறது என்று சோதிப்பது மாணவப் பருவத்தில் எங்கள் வேலையாக இருந்தது. பிடுங்கிய பற்களைப் புட்டியில் சேர்த்து வைத்து, அவற்றுக்கு உறை பொருத்துவோம். விளிம்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெங்கும் நகச்சாயம் பூசுவோம், வேறு வழியாக எதுவும் புகாதிருக்க. பிறகு பனிக்கட்டி நீரிலும் சுடுநீரிலும் மாறிமாறி முக்குவோம். காப்பி குடித்த வாயோடு குளிர்ந்த நீர் குடிக்கும் மனிதனின் பல் படும் பாட்டை, இரண்டு டிபன் டப்பாக்களில் அதற்குக் காட்டுவோம். கடைசியில் வண்ண நீரில் ஊறவைத்து, பல்லை நெடுக்கில் இரண்டாக அறுத்துப் பார்ப்போம். வண்ணம் எவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கிறதோ அவ்வளவு கசிவு.

நகச்சாயத்துக்காக விடுதியருகே இருந்த வளையல் கடைக்குப் போவேன். விலை குறைந்த ஒரே நிறத்தில் புட்டி புட்டியாக வாங்குவதைப் பார்த்த கடைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“இத்தினி பாட்டிலும் உனுக்காம்மா? கையில ஒண்ணுமே காணமே.”

“பல்லுக்குங்க.”

அதன்பின் அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை.

வண்ணம் அறவே புகாத பல் என்று ஒன்றை அந்த நாள்களில் நான் பார்த்ததில்லை. எல்லாம் கசிந்தன. சில விளிம்போடு நின்றன. சில உள்ளே வெகுதூரம் போயின. இப்போது முகப்பேர் அடுக்ககங்களிலிருந்து வரும் கணினித் துறை இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, “மேடம், சுத்தமா லீக் ஆகாத சிமெண்ட் எது?” என்று கேட்கிறார்கள். அறுத்த பற்கள் வரிசையாக என் கண்முன் வந்து நிற்கின்றன.

சைக்கிள் பம்ப்பு வைத்தியம்

அம்சாவிடம் வருகிறேன். அவர் கணவர் டில்லிபாபு தண்ணீர்ப் பம்ப்புகளுக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வார்த்த பாகத்தின் வாயை அடைத்து, உள்ளே காற்றைச் செலுத்தி, நீர்த்தொட்டியில் முக்குவார். குமிழி வந்தால் கழிவு. வராவிட்டால், தமக்கென்று வைத்திருந்த ஆணி போன்ற பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, ஒற்றைப் புள்ளி குத்தி அனுப்புவார். சோதிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டாம். ஒற்றைப் புள்ளி என்றால் டில்லிபாபு.

“ஊட்லயும் அதே வேலதான்” என்றார் அம்சா. வீங்கிய கன்னத்தோடு அவருக்குச் சிரிப்பு வந்தது. “ஒழுவுற கொழாய சரி பண்ணுவாரு, புள்ளி வைப்பாரு. குக்கர்ல புள்ளி கீது, கொடத்துல புள்ளி கீது. என் மேல வைக்காததுதான் பாக்கி. இப்ப வாயிலயும் வச்சிட்டாரு.”

அது நடந்தது முந்தைய ஆடியில். கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை. திருவிழாக் கடையில் கமர்கட் வாங்கி வாயிலிட்டிருக்கிறார் அம்சா. கடித்து இழுத்ததும், எப்போதோ ஒரு மருத்துவர் பழைய சிமெண்ட்டால் பொருத்தியிருந்த உலோக உறை, கமர்கட்டோடு கையில் வந்துவிட்டது.

“இவரு வாங்கி வெளிச்சத்துல பாத்தாரு. ‘அட, ஒரு ஜாயிண்ட்டுதானம்மே இது, நானே போட்டுத் தரேன்’னாரு. இங்க் பில்லர்ல தண்ணி எடுத்து கேப்புல ஊத்தினாரு. ஒரு சொட்டு எறங்கல. ‘பாத்தியா, பாஸு’ன்னாரு. போல்ட்டு மேல கவுத்து வச்சி, டொக்குன்னு ஒரு புள்ளி.”

“அப்புறம்?”

“சைக்கிள் பம்ப்பு எடுத்தாந்து வாயில காத்தடிச்சாரு.”

“வாயிலயா?”

“பல்லு காயணுமாமே. அப்பறம் ரெண்டு டியூபு பசையக் கலந்து, வச்சி அமுக்கி, ரப்பர் வாசரக் குடுத்துக் கடிக்கச் சொன்னாரு. ‘அஞ்சு நிமிசம், பேசாத’ன்னு செவுத்துக் கடிகாரத்தையே பாத்துகினு நின்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி. ‘சிரிச்சா லீக்கு ஆவும்மே’ன்னு ஒரே திட்டு.”

நானும் சிரித்தேன். பிறகு, இதை ஏன் அவரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று மறுபடி கேட்டேன். அம்சாவின் முகம் மாறிற்று.

தொழிற்சாலையிலிருந்து போன பம்ப்புகள் சில கசிகின்றன என்று திரும்பி வந்துவிட்டனவாம். எல்லாவற்றிலும் ஒற்றைப் புள்ளி. விசாரணை முடியும்வரை டில்லிபாபுவைத் தொட்டிப் பக்கமே விடவில்லை.

“டேங்க்காண்ட வுடல, டாக்டரம்மா. பேக்கிங்ல ஒக்கார வச்சிட்டாங்க. இத்தினி வருசத்துல ஒரு பீஸு அவர் பேர்ல திரும்பி வந்ததில்ல. சோறு எறங்கல அவருக்கு. ஊட்டுக்கு வந்தா கையையே பாத்துகினு ஒக்காந்துகினு கீறாரு. இந்த நேரத்துல, அவரு கையால போட்ட கேப்பும் லீக்குன்னு தெரிஞ்சா…”

முந்தானையைக் கன்னத்தில் மறுபடி அழுத்திக்கொண்டார்.

உள்ளே ஒரு மேடு

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்த்தாடையில், வலப்பக்கக் கடைவாய்ப்பல். உறையின் கன்னப்புறத்தில், நடுவே, ஊசிமுனையளவு புள்ளி. இத்தனை நேர்த்தியான புள்ளியை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குக் கீழே, உறையும் பல்லும் சேரும் இடத்தில், நூலிழைபோல் ஒரு சிவப்புக் கோடு.

“வெற்றிலை போடுவீங்களா?”

“ஞாயித்துக் கெழம கறி சாப்பிட்டா போடுவேன்.”

கல்லூரியில் நாங்கள் புட்டியிலிருந்து ஊற்றிய வண்ணத்தை இவர் வாய் தானே தயாரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் பல்லை அறுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

இடப்பக்கத்தில் அவருக்குக் கடைவாய்ப்பற்கள் முன்பே போய்விட்டன. மெல்லுவதெல்லாம் இந்தப் பக்கம்தான். பல்லை எடுத்துவிடுவது எனக்கு எளிது. அவருக்குச் சோறு கடினம். இதைச் சொன்னபோது அம்சா வேறொரு கணக்குச் சொன்னார்.

“சோத்தக் கொழைய வடிச்சித் தின்னுடுவேன். ஆனா கேப்பு வாயில இல்லன்னா அவரு கண்டுபுடிச்சிடுவாரு. கேப்பு நிக்கணும்னா பல்லு நிக்கணும். அதான் வந்தேன்.”

உறையைத் தட்டிக் கழற்றினேன். தொழிற்சாலைப் பசை இரும்புக்கு உகந்தது. எச்சிலிலும் காப்பிச் சூட்டிலும் மாதக்கணக்கில் கிடப்பதற்குச் செய்ததன்று. பாதிக்குமேல் விட்டுப்போயிருந்தது. உள்ளே பல் அரித்திருந்தது. ஆனால் அரிப்பு உறையின் எல்லையைத் தாண்டவில்லை. வேர்ச் சிகிச்சை செய்து, இழந்த பகுதியைக் கட்டியெழுப்பினால் பல் நிற்கும்.

உறையைக் கழுவி விளக்கின்கீழ்த் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில், கன்னப்பக்கச் சுவரில், மணற்பொடியளவு ஒரு மேடு. வெளியே குத்திய புள்ளியின் மறுபக்கம். அந்த மேடு பல்லில் இடித்து, உறையை மயிரிழை அளவுக்குத் தூக்கி நிறுத்திவிட்டது. அது முழுமையாக இறங்கி அமரவேயில்லை. விளிம்பைச் சுற்றி வாசல் திறந்தபடியே பசை இறுகியிருக்கிறது.

அம்சாவின் கையில் கொடுத்து, ஊசிமுனையால் அந்த மேட்டைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப, அவரு பாஸு பண்ணதாலதான் லீக்கு ஆச்சா?”

நான் தலையசைத்தேன்.

“இத மட்டும் எப்பவும் அவராண்ட சொல்லிடாதீங்க, டாக்டரம்மா.”

புதிய உறை செய்வதே முறை என்று சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே உள்மேட்டை மட்டும் அரைத்து நீக்கினேன், வெளிப்புள்ளியைத் தொடவில்லை. உறையைப் பல்லில் வைத்து நான்கு பக்கமும் ஊசியால் தடவினேன். இப்போது அது படிந்து அமர்ந்தது. சிகிச்சை பல முறை நீண்டது. ஒவ்வொரு முறையும் தற்காலிகச் சிமெண்ட்டால் அதே உறையை ஒட்டி, ஒற்றைப் புள்ளியோடு அவரை வெள்ளானூருக்கு அனுப்பி வைத்தேன்.

தெருவெல்லாம் கேட்ட இரகசியம்

நிலையாகப் பொருத்த வேண்டிய நாள் பங்குனியின் நடுவில் வந்தது. கீழே மில் வாசலில் மிளகாய் மூட்டைகள். தூளைத் தொடுமுன் நான் சன்னலுக்குப் போவதைப் பார்த்த அம்சா, “இருங்க, எங்க தெரு ஆளு, நான் சொல்றேன்” என்று எழுந்து போனார்.

“யண்ணே, கன்னியப்பண்ணே. மொளகா போடாத. கேப்பு போடறாங்க.”

“யாருக்கு தங்கச்சி? உனுக்கா? டில்லி வந்துகீறாரா?”

“சத்தமா கேக்காதண்ணே.”

“அட, டில்லி ஏன் வரல?” இம்முறை இன்னும் உரக்கக் கேட்டார் கன்னியப்பன். மேலேயுள்ளவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்போலும்.

அம்சா தலையில் அடித்துக்கொண்டு வந்து சாய்ந்தார். கீழே மில் நின்றது. அந்தக் கட்டடத்தில் அப்படியோர் அமைதி அபூர்வம். வேப்பமரத்துக் காக்கையின் குரலும், எங்கோ பேருந்து திரும்பும் ஓசையும் கேட்டன. கண்ணாடி அயனோமரைக் குழைத்தேன். தேன்போல் இழுபட்ட பதத்தில் உறைக்குள் பூசி, பல்லில் கவிழ்த்து, விரலால் அழுத்தினேன். விளிம்பெங்கும் சிமெண்ட் வெண்மையாகப் பிதுங்கி வந்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பிதுங்கினால் உள்ளே வெற்றிடமில்லை என்று எனக்கு நிம்மதி. பஞ்சுருளையைக் கடிக்கக் கொடுத்தேன். அம்சா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தார். ஓரக்கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. இதே ஐந்து நிமிடத்தை வேறொருவர் காவல் காத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சில வாரங்கள் கழித்து மைசூர்பாகோடு வந்தார். “இது ஒட்டாது டாக்டரம்மா, பயப்படாதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

“டேங்க்காண்ட வுட்டுட்டாங்க. அவரு பாத்த பீஸுல ஓட்டையே இல்லியாம். அதும் மேல மூடி போட்டு முடுக்குற எடத்துலதான் ஒழுவிகீது. அது வேற செக்சனு. சாரு வந்து அவர் தோள்ல கை போட்டாராம்.”

உறையில் ஓட்டையில்லை, சேருமிடத்தில்தான் கசிவு. அம்சா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் இருவர் பார்வையும் சந்தித்துக்கொண்டது. அவர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

இந்தப் பங்குனியில்

ஆண்டுகள் பல போயின. வெள்ளானூரில் வயல்கள் மனைகளாயின. மில்லுக்குப் புதிய எந்திரம் வந்தது. பல் நிறத்திலேயே உறைகள் வந்துவிட்டதால் உலோக உறை கேட்பவர் குறைந்துவிட்டனர். அம்சா அவ்வப்போது வந்து வாயைக் காட்டிவிட்டுப் போவார். ஒற்றைப் புள்ளி இருக்கும்; சிவப்புக் கோடு இருக்காது.

இந்தப் பங்குனியில் டில்லிபாபுவையே அழைத்துக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்றுவிட்ட, மெலிந்த, நரைத்த மனிதர். அவருக்கும் ஒரு கடைவாய்ப்பல்லுக்கு உறை தேவைப்பட்டது.

“மேடம், எனுக்கும் இரும்புதான். வெள்ள வேணாம்” என்றார்.

உறை வார்த்து வந்த நாளில், அவரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, அதைத் தட்டில் எடுத்து வைத்தேன். அம்சா கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பஞ்ச்சும் ஒரு சிறு சுத்தியலும்.

“அவரு புள்ளி இல்லாம எங்கூட்ல எதுவும் உள்ள போவாது, டாக்டரம்மா. கேப்பு வாயில போறதுக்கு முன்னாடி அவரே வச்சிடட்டும்.”

நான் திகைத்துப் போனேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் அத்தனை ஆண்டுகள் காத்தது வெளிப்பட்டுவிடும். சொல்லாமல் குத்தவிட்டால் இந்த உறையும் கசியும். அம்சாவுக்குத் தாம் கேட்டது என்னவென்று அப்போதுதான் உறைத்தது, முகம் வெளிறியது.

டில்லிபாபு பஞ்ச்சை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். உறையை எடுத்து அதன் உள்ளே சுண்டுவிரல் நுனியை விட்டுத் தடவினார்.

“அம்சா, கீழ மொளகா அரைக்கிற வாட வருது பாரு. போய்ச் சொல்லிட்டு வாம்மே.”

எனக்கு எந்த வாடையும் வரவில்லை. அம்சா விட்டால் போதுமென்று படியிறங்கிப் போனார். அவர் காலடியோசை தேய்ந்ததும் டில்லிபாபு என் பக்கம் திரும்பினார்.

“குத்த வேணாம் மேடம். உள்ள மேடு தட்டும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“அந்த மேடு அப்பறமாத்தான் தெரியும். கம்பெனில மெல்லிசு மூடி ஒண்ணுக்குப் புள்ளி வச்சிட்டுத் திருப்பிப் பாத்தேன். உள்ள பொடச்சிகினு கீது. அப்பதான் அம்சா கேப்பு ஞாபகம் வந்துது. அன்னிலேர்ந்து மெல்லிசு பீஸுக்கெல்லாம் பெயிண்ட்டுதான்.” கையிலிருந்த உறையைத் திருப்பிப் பார்த்தார். “ஆனா லீக்கு ஆச்சின்னு முன்னாடியே தெரியும். பேக்கிங்ல ஒக்கார வச்சாங்களே, அந்த நேரம். ஒரு ஞாயித்துக் கெழம மத்தியானம், வெத்தல போட்டுகினு வாயத் தொறந்துகினு தூங்கினு இருந்தா. டார்ச்சு அடிச்சிப் பாத்தேன். சுத்தியும் செவப்புக் கோடு. எங்க தொழில்ல வெடிப்புப் பாக்க அதே மாதிரி செவப்புச் சாயம் ஊத்துவோம் மேடம். எனுக்குத் தெரியாதா?”

“அப்பவே அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

“சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். அங்கியும் லீக்கு, இங்கியும் லீக்கான்னு ஒடம்பு கூசிப்போவும். சொல்ல முடியல. அடுத்த வாரத்துலேர்ந்து அது அம்மா ஊடு, அம்மா ஊடுன்னு கெளம்பிச்சி. அங்க கீற அவ அண்ணி மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு சொன்னவ, மேடம் இது. ஒரு நாளு டார்ச்சு அடிச்சிப் பாத்தேன். கோடு இல்ல. ஓரத்துல வெள்ளையா சிமெண்ட்டு. அன்னிக்கித்தான் எனுக்கு சோறு எறங்கிச்சி.”

“அம்சாகிட்ட இதைச் சொல்லிடலாமே இப்பவாவது.”

“வேணாம். எனுக்குத் தெரியாம காப்பாத்திட்டோம்னு அதுக்கு ஒரு பெரும கீது. அத ஏன் நான் எடுத்துக்கணும்?” உறையைத் தட்டில் வைத்தார். “கம்பெனில எம்மேல தப்பில்லன்னு ஆயிடுச்சி. ஊட்ல நடந்த தப்பு என்னுதுதான். அத நானே வச்சிக்கிறேன்.”

படியில் காலடியோசை கேட்டது. அவர் குரலை உயர்த்திக்கொண்டார்.

“மேடம், எனுக்கு இப்பல்லாம் கை நடுங்குது. நீங்களே உங்க மெசினால ஒரு புள்ளி வச்சிடுங்க.”

உள்ளே வந்த அம்சா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துத் தலையசைத்தேன். எந்தக் கேள்விக்கு விடையாக அசைத்தேன் என்று எனக்கே தெளிவில்லை. மிக நுண்ணிய முனையைப் பொருத்தி, உறையின் கன்னப்புறத்தில், மேற்பரப்பை மட்டும் தொட்டு ஒரு புள்ளி இட்டேன். உட்புறம் வழுவழுப்பாகவே இருந்தது. டில்லிபாபு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “பாஸு” என்றார்.

சிமெண்ட்டைக் குழைத்தேன். உறையைப் பொருத்தி அழுத்தினேன். விளிம்பெங்கும் ஒரே அளவில் பிதுங்கியது. பஞ்சுருளையைக் கடிக்கக் கொடுத்ததும் அம்சா முன்னால் வந்து நின்று, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அஞ்சு நிமிசம். பேசாத. சிரிச்சா லீக்கு ஆவும், ஞாபகம் கீதா?”

டில்லிபாபு இறுகக் கடித்தபடி தலையை மட்டும் அசைத்தார். அவருடைய கண்ணோரத்தில் நீர் திரண்டு, காதை நோக்கி வழிந்தது.

“பாத்தியா, மொளகாயப் போட்டுட்டான் அந்த ஆளு. இப்பத்தான் சொல்லிட்டு வந்தேன்” என்று அம்சா சன்னலுக்கு விரைந்தார்.

கீழே கோதுமைதான் அரைபட்டுக்கொண்டிருந்தது.